ஏரியில் விட்ட நண்டுகள்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
21 ஆகஸ்ட் 2001

அன்பு மகள் சோஃபியாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம், மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே பிலிப்பைன்ஸில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஊர் மழையில் நனையாமல் நன்றாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு மனம் ஆறும்.

முதலில் உன் பயத்தைப் போக்கிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டபோது மணி அடித்து அடித்து ஓய்ந்தும் ஒருவரும் எடுக்கவில்லை, மறுநாள் நீ பக்கத்து வீட்டுத் தமயந்தி ஆன்ட்டிக்கு ஃபோன் செய்து அழுதாய் என்று கேள்விப்பட்டேன். நம் டேரில் வேலை பார்த்த கப்பல் கடலில் காணாமல் போன செய்தி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் முதல் மணி முடிவதற்குள் ரிசீவரை எடுத்துவிடுவாள் அம்மா, அதனால் நீ என்னென்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆபத்தும் இல்லை. நாங்கள் எல்லாரும் ஹாலில்தான் இருந்தோம், மணி அடித்ததும் கேட்டது, எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதை ஃபோனில் சொல்ல என்னால் முடியாது. உன்னிடம் பேசும்போது நான் மழையையும் தக்காளி விலையையும் தாண்டுவதில்லை என்பதைக் கவனித்திருப்பாய். நான் பேசப் பேச அம்மா பக்கத்தில் நின்று ரிசீவருக்காகக் கையை நீட்டிக்கொண்டிருப்பாள், பேசுவதற்கு அல்ல, கீழே வைப்பதற்கு. டேரில் கூப்பிடும் நேரத்தில் லைன் எங்கேஜ்டாக இருந்துவிடக் கூடாது. மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாலோ, காசு காட்டும் அந்தச் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வாக்கியம் முடிவதில்லை. ஆகவே அம்மா கண்ணயர்ந்திருக்கும்போது சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், தமயந்தி ஆன்ட்டி தபாலில் சேர்த்துவிடுவார்.

நீ வந்துபோன பிறகு வீடு இன்னும் சுருங்கிவிட்டது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள நடையில், ஃபோன் ஸ்டாண்டை ஒட்டிப் போட்ட நாற்காலிதான் அம்மாவுக்கு எல்லாம், சாப்பாடும் ஜெபமாலையும் பாதித் தூக்கமும் அங்கேயே. கோவிலுக்கு வருவதில்லை. அவள் படியிறங்குவதில்லை, அவளைத் தனியாக விட்டுவிட்டு நானும் இறங்க முடிவதில்லை. தமயந்தி ஆன்ட்டி வந்து உட்கார்ந்தால் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்கு ஓடுவேன், நினைத்ததில் பாதியை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடி வருவேன். ஒருநாள் மருந்துக் கடையில் கூட்டம், தாமதமாகிவிட்டது, மூச்சு வாங்க வந்து நின்றவனிடம் அம்மா எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை, வழியில லைன்மேன் யாரையாவது பார்த்தீங்களா, டயல் டோன் ஒரு மாதிரியா இருக்குது என்றாள். முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட அனுமதியில்லை. டேரிலின் ஆத்துமாவுக்காகப் பூசை வைக்கலாம் என்று பங்குச் சாமியார் இரண்டு முறை சொல்லியனுப்பினார், அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் எந்தப் புத்தகம் வந்தாலும் அதற்கு ஓர் எண் போட்டு ஓர் இடத்தில் நிறுத்தத் தெரிந்தவன் நான். கப்பல் கம்பெனிக்காரர்கள் எழுதிய காணவில்லை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் பையனை எந்த அலமாரியில் நிறுத்துவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதனால் அம்மாவைப் பார்த்து நீ நினைப்பது தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வந்ததில்லை.

அலெக்சாண்டர் மாமாவைப் பற்றி உனக்கு எழுதாமல் இருந்தேன். தன் அக்கா இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று வருகிறபோதெல்லாம் சொல்கிறார். அத்தான், நீங்க இப்படியே பார்த்துக்கிட்டு இருந்தீங்கன்னா ஒரே வீட்டுல ரெண்டு பேஷண்ட் ஆயிடும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார், அதிலும் தப்பில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்து வருகிறேன், வைத்தியத்தில் எனக்கு அவநம்பிக்கை கிடையாது. ஆனால் வார்டில் ஃபோன் இருக்காதே, அங்கே அவள் எதன் பக்கத்தில் உட்காருவாள்? வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லவும் தைரியம் இல்லை, சரி என்று சொல்லவும் தைரியம் இல்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் உன் நீண்ட கடிதம் வந்தது. டேரிலோடு அதே கப்பலில் இருந்தவரின் மனைவி, நீங்கள் எல்லாரும் மனாங், அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற லூஸைப் பற்றி நீ எழுதியிருந்ததை எத்தனையோ தடவை படித்தேன். உடல் கிடைக்காவிட்டாலும் அந்த அம்மாள் வீட்டில் துக்கம் காக்க ஊரே கூடி உட்கார்ந்ததும், நடுவில் கணவர் சட்டையை மடித்து வைத்ததும், விடுகதை போட்டுச் சிரித்ததும், பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் அவரைப் பற்றிக் கதை சொன்னதும், சொல்லச் சொல்ல அந்தக் கதைகள் பெரிதாகிக்கொண்டே போனதும் எனக்கு முதலில் விளங்கவில்லை. துக்க வீட்டில் சிரிப்பா என்றுதான் நினைத்தேன். மனநல டாக்டர்கள் பட்டணத்தோடு நின்றுவிடுகிற அந்தக் கடற்கரைக் குப்பங்களில், ஜனங்களிடம் ஏற்கெனவே இருந்த இந்தக் கதை சொல்லும் வழக்கத்தைத்தான் உங்கள் குழு மறுபடி அவர்கள் கையில் எடுத்துக் கொடுக்கிறது என்றும், நீங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தாயே, அந்த வரி எனக்குப் பிடித்தது. அம்மாவுக்காக எதையாவது முயன்று பாருங்கள் அப்பா என்று முடித்திருந்தாய். முயன்றேன். நான் முயன்றால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சுற்றறிக்கை டைப் செய்தேன். தமயந்தி ஆன்ட்டிக்கும் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையரான ஜெயராமன் அங்கிளுக்கும் சேர்த்து ஒன்று, டேரிலின் பள்ளிக்கூட சிநேகிதன் வீட்டு ஃபாத்திமா ஆன்ட்டிக்கு ஒன்று. கூடும் நேரம், பொருள், ஒருவருக்கு ஐந்து நிமிடம், முடிவில் தேநீர். நேரம் காட்ட மேஜைமேல் ஒரு சின்ன மணியும் வைத்தேன். வந்தவர்கள் சுவரோரமாகக் கைகட்டி உட்கார்ந்தார்கள், நான் எழுந்து நின்று நோக்கத்தை விளக்கினேன். அங்கிள் கஷ்டப்பட்டு எழுந்து, டேரில் நல்ல பையன் என்று சொல்லி உட்கார்ந்தார். போகும்போது வாசலில், சார், தப்பா நினைக்காதீங்க, பஸ் டிப்போல ரிட்டையர்மெண்ட் பார்ட்டி வெச்ச மாதிரி இருந்துச்சு, மாலை ஒண்ணுதான் குறைச்சல் என்றார். அம்மா நடையில் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் ஃபாத்திமா ஆன்ட்டி அந்த மணியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டார். அரே, சார், கதையை கடிகாரம் வெச்சா கேப்பாங்க, முதல்ல தின்ன ஏதாவது வைங்க என்று தான் கொண்டுவந்த சமோசாவை நடுவில் வைத்தார். நான் பயந்து பயந்து நீ எழுதியிருந்த விடுகதையைப் போட்டேன், தலையிலே கிரீடம், உடம்பெல்லாம் கண், அது யார் என்று. அங்கிள் யோசிக்கவே இல்லை, பஸ் கண்டக்டர் என்றார், தொப்பியும் இருக்குது, கண்ணும் இருக்குது, இல்லேன்னா அந்தக் காலத்துல உங்க ஆளுங்க எல்லாம் டிக்கெட் வாங்கியிருப்பீங்களா என்றார். தமயந்தி ஆன்ட்டி, எங்க மாமியாராத்தான் இருக்கணும், அவங்களுக்கு முதுகுலயும் கண்ணு என்றார். எல்லாரும் சிரிக்கிற சத்தத்துக்குள்ளே நடையிலிருந்து, திரும்பாமலே, அன்னாசி என்று ஒரு குரல். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா நாற்காலியைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். துக்கம் கேட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போகக் கூடாது, வழியில் எங்காவது நின்று துக்கத்தை உதறிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதாக எழுதியிருந்தாயே, அதைச் சொன்னதும் அங்கிளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்துப்போயிற்று. இது நல்ல வழக்கம் சார் என்று இரண்டு ஆன்ட்டிகளையும் பேக்கரிக்கு அழைத்துப்போய் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார், இப்போது ஒவ்வொரு வாரமும் அதுதான் நடக்கிறது.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் நான் காரியத்தைக் கெடுத்தேன். அங்கிள் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஆட்டுக்கு அரை டிக்கெட் கொடுத்த கதையைச் சொல்லி முடித்த கையோடு அம்மா பேச ஆரம்பித்தாள். நடையில் இருந்தபடிதான், ஆனால் எங்கள் பக்கம் பார்த்துப் பேசினாள். டேரில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஈஸ்டருக்கு ரஸ்ஸல் மார்க்கெட்டில் உயிர் நண்டு வாங்கி வந்தோமே, அடுப்பில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துவிட்டு அவன் கூடையோடு ஓடிப்போய் எல்லாவற்றையும் அல்சூர் ஏரியில் விட்டுவிட்டான், ஒவ்வொரு வருஷமும் அவன் ஏரிக்கரைக்குப் போனால் அதுங்க தண்ணிக்கு மேல வந்து கொடுக்கைத் தூக்கி அவனைப் பார்க்கும் என்றாள். எத்தனை மாதம் கழித்து அவள் வாயில் அவன் பெயரோடு ஒரு கதை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? யாரையும் யாரும் திருத்தக் கூடாது என்று நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய், அதை நானே முதல் வாரம் எல்லாருக்கும் படித்தும் காட்டினேன். ஆனால் தப்பாக அடுக்கிய புத்தகத்தைக் கண்டால் கை தானாகப் போகிற பழக்கம் எனக்கு. ஏரியில்லை பிரிஜெட், வீலர் ரோட்டுக்குப் பின்னாலிருந்த கால்வாய், அதுவுமல்லாமல் கடல் நண்டு ஏரித் தண்ணீரில் பிழைக்காதே என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிழைக்காதா என்று கேட்டாள். அவ்வளவுதான், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஃபாத்திமா ஆன்ட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். தமயந்தி ஆன்ட்டி, சார், உங்களுக்கு வாய் திறக்கிறதே அபூர்வம், திறந்தா இதையா சொல்லுவீங்க என்றார், அவர் என்னை அப்படிப் பேசியதே இல்லை.

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று விவரமாக எழுதமாட்டேன். அம்மா சாதத்தைத் தொடவில்லை, கஞ்சி கொடுத்தால் நாலு வாய். இரண்டு கையாலும் ஃபோனைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மாமா வந்து பார்த்தார், விஷயத்தை நானே சொன்னேன், மறைக்கத் தெரியவில்லை. பிலிப்பைன்ஸ்காரன் வைத்தியம் போதும் அத்தான், திங்கட்கிழமை காலையில காரோட வரேன், துணிமணி எடுத்து வைங்க என்றார். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அம்மாவின் புடவைகளை மடித்துப் பையில் வைத்தேன், நாலு மூலையும் சேர்த்து ஒழுங்காகத்தான் மடித்தேன், அந்த ஒழுங்கைப் பார்க்க எனக்கே வெறுப்பாக இருந்தது. வாசலுக்கும் நடைக்குமாக நடந்தேன். இந்த வீட்டில் அவள் ஃபோனுக்குக் கட்டுப்பட்டவள், நான் அவளுக்குக் கட்டுப்பட்டவன், அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் அந்த நாற்காலியில் உட்காரப்போவது நான்தான் என்று அப்போது தெரிந்தது. யாராவது ஃபோன் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

அப்புறம் பழைய அட்லஸை எடுத்தேன். ஒரு பொய் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன், ஆனால் ஆதாரமில்லாமல் பொய் சொல்ல எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள், மறுநாள் அழைத்துப்போவதைப் பற்றிப் பேச மாமாவும் வந்து கதவோரம் நின்றார். நான் நிற்கவில்லை, உட்கார்ந்தே சொன்னேன். பிரிஜெட், நான் போன வாரம் தப்பாகச் சொல்லிவிட்டேன், நீ சொன்னதுதான் சரி, அல்சூர் ஏரிதான் என்றேன். அந்த வருஷம் நல்ல மழை, அல்சூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் பெல்லந்தூர் ஏரிக்குப் போகும், பெல்லந்தூர் நிரம்பினால் வர்த்தூர், வர்த்தூரிலிருந்து தென்பெண்ணை ஆறு, ஆறு கிருஷ்ணகிரி, திருக்கோவிலூர் வழியாகக் கடலூரில் கடலில் சேர்கிறது, டேரில் விட்ட நண்டுகள் அந்த வழியாகத்தான் நடந்து போயின, ராத்திரியெல்லாம் கரையோரமாக, ஒன்றின் பின்னால் ஒன்றாக என்றேன். அணைக்கட்டு வந்ததே என்று எனக்கு நடுவில் ஒரு சந்தேகம் வந்தது, அதையும் ஏறிக் கடந்தன என்று சொல்லிவிட்டேன். வேர்த்துக் கொட்டியது. அங்கிள்தான் கை கொடுத்தார், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல நான் பார்த்தேன் சார், லைன்ல நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க என்றார்.

அப்போது அம்மா எழுந்தாள். நடையை விட்டு ஹாலுக்குள் வந்து, ஃபாத்திமா ஆன்ட்டி நகர்ந்து இடம்விட, பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்லாமே போகலை என்றாள். ஒரு நண்டு போகவில்லையாம், கூடையிலிருந்து நழுவி நம் குளியலறை வெந்நீர் அண்டாவுக்குப் பின்னால் தங்கிவிட்டதாம், டேரில் யாருக்கும் தெரியாமல் அதற்கு முறுக்கைப் பொடித்துப் போட்டு வளர்த்தானாம். அலெக்ஸ் வந்து குளிக்கப் போனப்ப அவன் கால் கட்டைவிரலைக் கவ்வி, அவன் ஒத்தத் துண்டோட தெருவுக்கு ஓடினானே என்றாள். கதவோரம் நின்ற மாமா, அக்கா, அது நிஜம்க்கா, உனக்கு எப்படி ஞாபகம் இருக்கு பாரு, தழும்பு இன்னும் இருக்குது என்று செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினார். தமயந்தி ஆன்ட்டி, துண்டு என்ன கலர்ன்னு கேளுங்க என்றார். அவர்கள் சிரிக்க, மாமாவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நடுவில்தான் நீ கூப்பிட்டாய். மணி அடித்தது. நாங்கள் எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் தலை நடைப் பக்கம் திரும்பியது, கை பெஞ்சை அழுத்தியது, எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மாமா எடுக்கப் போனார். இருடா, நான் இன்னும் முடிக்கலை என்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசினாள், மத்ததெல்லாம் கடலுக்குப் போயிடுச்சு, இந்த ஒண்ணு மட்டும் என்கிட்ட இருந்துடுச்சு என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மணி நின்றுவிட்டது. அப்புறம்தான் அழுதாள். ஃபாத்திமா ஆன்ட்டி அவளை மடியில் சாய்த்துக்கொண்டார், ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தாய்.

நீ சந்தோஷப்பட்டுவிடாதே, அதனால்தான் மீதியையும் எழுதுகிறேன். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் அம்மா மறுபடி நடையில், ஃபோன் பக்கத்தில். கதவு இன்னும் தாழ்ப்பாள் இல்லாமல்தான் இருக்கிறது. பூசைப் பேச்சை நான் எடுக்கவில்லை, எடுக்கத் துணிவில்லை. மாமா காரோடு வந்தார், அக்காவைப் பார்த்தார், காபி குடித்தார், மாதா திருவிழா முடியட்டும் அத்தான், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார், பார்க்கலாம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பையைப் பிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். நானும் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறேன். நான் செய்தது சரிதானா, ஒரு தாயிடம் நண்டு ஆற்றோடு போயிற்று என்று கதை கட்டியதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாளாக யோசனை. உனக்குத் தெரிந்தால் எழுது. நேற்று சாயங்காலம் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அந்த லூஸ் அம்மா மடிச்சு வெச்ச சட்டை என்ன நிறம் என்று. எனக்குத் தெரியவில்லை, நீ எழுதவில்லை. விசாரித்து எழுது, நான் ஊகித்துச் சொல்ல விரும்பவில்லை. இதில் மட்டும் சரியான பதில்தான் வேண்டும்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. படகில் போகிற நாட்களில் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும், சிரிப்பார்களே என்று பார்க்காதே. மனாங் லூஸுக்கு என் வணக்கத்தைச் சொல், பெங்களூரில் ஒரு கிழவன் உங்கள் ஊர் வழக்கத்தைத் தப்புத் தப்பாகச் செய்துகொண்டிருக்கிறான் என்றும் சொல், அவர் திருத்தமாட்டார் என்று நினைக்கிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் அதே நேரத்துக்குக் கூப்பிடு. முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டால் மழையைப் பற்றிப் பேசுவோம். எடுக்காவிட்டால் பயப்படாதே, தமயந்தி ஆன்ட்டியையும் தேடாதே, அவரும் இங்கேதான் இருப்பார். மணி ஓய்கிற வரைக்கும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிரு மகளே, இங்கே நாங்கள் நலம் என்று அர்த்தம்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அப்பா,
ரெமிஜியஸ்